லெப்டின் அதிகம், பசியும் அதிகம்: இது எப்படி?

ராத்திரி_தோசை | 14 செப்டம்பர் 2025, இரவு 10.52

மாஸ்டர் செக்கப்போடு லெப்டினும் பார்த்தார்கள். ஒரு மி.லி.க்கு 38 நானோகிராம், சிவப்பு எழுத்தில் ‘அதிகம்’. லெப்டின் என்றால் ‘போதும், இலையை மூடு’ என்று சொல்கிற ஹார்மோன் என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. அவ்வளவு லெப்டின் ஓடுகிற உடம்பு ராத்திரி பத்தரைக்கு மாவு மிச்சம் இருக்கிறதா என்று ஏன் ஃப்ரிட்ஜைத் திறக்கிறது? ‘லெப்டின் சப்போர்ட்’ என்று ஒரு கேப்சூல் விற்கிறார்கள். வாங்கலாமா?

குடல்வால் | 15 செப்டம்பர், காலை 6.20

வாங்காதீர்கள். லெப்டின் 146 அமினோ அமிலம் கோத்த புரதம். வாய் வழியே போனால் சாம்பாரில் கிடக்கும் துவரம்பருப்புக்கு என்ன கதியோ அதே கதிதான், குடலில் துண்டு துண்டாகிவிடும். நிஜ லெப்டின் ஊசியாக மட்டும்தான் உண்டு. டப்பாவைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் படியுங்கள், லெப்டின் என்ற பெயர் முன்பக்கத்தில் மட்டும்தான் இருக்கும்.

இனி அந்த 38. லெப்டினைச் சுரப்பது கொழுப்புச் செல். கொழுப்பு எவ்வளவோ அதற்கேற்ற லெப்டின். ஒரே பிஎம்ஐ உள்ள ஆணைவிடப் பெண்ணுக்கு இரண்டு மூன்று மடங்கு இருக்கும், அது நோயில்லை. ஆக உங்கள் ரிப்போர்ட் சொல்வதை எடை மெஷினும் இடுப்பளவு டேப்பும் முன்பே சொல்லியிருக்கும், காசு வாங்காமல்.

‘போதும்’ சொல்லும் ஹார்மோன் என்பதுதான் குழப்பத்தின் வேர். லெப்டின் ஒரு வேளைச் சாப்பாட்டை முடித்து வைப்பதில்லை. இரண்டு இட்லியோடு எழுந்தாலும் எட்டோடு எழுந்தாலும் அந்த அரை மணி நேரத்தில் லெப்டின் பெரிதாக அசையாது. அது வண்டியின் பெட்ரோல் முள். டேங்க்கில் எவ்வளவு இருக்கிறது என்று மூளைக்குக் காட்டும். முள் கீழே இறங்கினால் மூளை அலறும். முள் ஏற்கெனவே நிரம்பிய பக்கம் நிற்கும்போது இன்னும் மேலே போனால் மூளை அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

குடல்வால் | 15 செப்டம்பர், காலை 6.55

இது எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியது வெறும் உவமை.

அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜாக்சன் ஆய்வகம். 1949இல் அங்கே ஒரு சுண்டெலி வகை கண்ணில் பட்டது. ஓயாமல் தின்று, மற்ற எலிகளைப் போல மூன்று மடங்கு எடைக்குப் போகும். பெயர் ‘ஓபி’. 1966இல் இன்னொரு வகை, ‘டிபி’. பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி உருண்டை. டக்ளஸ் கோல்மன் இரண்டு எலிகளை விலாவோடு விலா சேர்த்துத் தைத்து, இரத்தம் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்படி செய்தார். ஓபி எலியைச் சாதாரண எலியோடு தைத்தால் ஓபி குறைவாகத் தின்றது. டிபியைச் சாதாரண எலியோடு தைத்தால் டிபி பாட்டுக்குத் தின்றது, பக்கத்தில் இருந்த சாதாரண எலி பட்டினி கிடந்து செத்தது.

அவர் போட்ட கணக்கு: ஓபிக்கு ஏதோ ஒரு சரக்கு உற்பத்தி இல்லை. டிபிக்கு உற்பத்தி ஏகப்பட்டது, ஆனால் வாங்கிக்கொள்ளும் பூட்டு இல்லை. 1994இல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு அந்தச் சரக்கைச் செய்யும் மரபணுவைப் பிடித்தது. அந்தச் சரக்குதான் லெப்டின். கிரேக்கத்தில் ‘லெப்டோஸ்’ என்றால் ஒல்லி. பெயர் வந்தது அப்படித்தான்.

மனிதரில் ஓபி எலி மாதிரி உண்டா? உண்டு, மிக மிக அபூர்வம். 1997இல் கேம்பிரிட்ஜ் குழு இரண்டு குழந்தைகளைப் பதிவு செய்தது. பெற்றோர் வழியில் உறவுக்காரர்கள். 8 வயதில் 86 கிலோ, 2 வயதில் 29 கிலோ. இரத்தத்தில் லெப்டின் கிட்டத்தட்ட இல்லை. 1999இல் மூத்த குழந்தைக்கு லெப்டின் ஊசி கொடுத்தபோது பசி அடங்கி எடை இறங்கியது. அதைப் பார்த்துவிட்டு ‘எல்லோருக்கும் ஊசி’ என்று கிளம்பினார்கள். அதே ஆண்டு வந்த சோதனையில், லெப்டின் ஏற்கெனவே ஏராளமாக உள்ள சாதாரணப் பருமனுக்கு அது பெரிதாக எடுபடவில்லை. ஆளுக்கு ஆள் மாறிய பலன், தினமும் ஊசி, குத்திய இடத்தில் தடிப்பு. உங்கள் 38 இருக்கிற பக்கம் இதுதான்.

டெஸ்ட்டியூப் | 15 செப்டம்பர், மதியம் 1.10

லேப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. அடுத்து யாராவது ‘பசி ஹார்மோன் கிரெலினும் பார்த்துவிடுங்கள்’ என்பார்கள். எழுதிக் கொடுத்தால் இதைக் கேளுங்கள்: எந்த கிரெலின்?

28 அமினோ அமிலச் சங்கிலியில் மூன்றாவது இடத்தில் எட்டுக் கார்பன் கொழுப்பு அமிலம் ஒட்டியிருந்தால்தான் அது பசியைக் கிளப்பும். இரத்தத்தில் ஓடும் கிரெலினில் அந்த வகை சின்னப் பங்குதான், பெரும்பங்கு ஒட்டு கழன்றது. இந்த ஒட்டு டியூபுக்குள்ளேயே கழன்றுவிடும். சரியாக எடுப்பதென்றால் முதலிலேயே குளிரவைத்த இடிடிஏ டியூப், புரதச் சிதைவுத் தடுப்பான், ஐஸில் வைத்தபடியே சென்ட்ரிஃபியூஜ், பிளாஸ்மா பிரிந்த கையோடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து உறையவைப்பது. கலெக்‌ஷன் பாய் பைக்கில் வெயிலில் கொண்டுவந்த டியூபில் வரும் எண் பசியை அளக்கவில்லை, டிராஃபிக்கை அளக்கிறது.

லெப்டின் டெஸ்ட்டுக்கு இடமே இல்லை என்றில்லை. கைக்குழந்தையிலிருந்தே அடங்காத பசி, கூடவே கடுமையான பருமன் என்றால் பார்க்க வேண்டும். உடம்பில் கொழுப்பே சேராத லிப்போடிஸ்ட்ரஃபியிலும் பார்ப்பார்கள். அதற்கு லெப்டின் ஊசி 2014 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. மாஸ்டர் செக்கப்பில் அது வந்து உட்கார வேலையே இல்லை.

ராத்திரி_தோசை | 15 செப்டம்பர், இரவு 11.05

கேப்சூல் கேன்சல். அப்போ ‘போதும்’ சொல்வது யார்?

குடல்வால் | 16 செப்டம்பர், காலை 6.15

ஒருவர் இல்லை, ஒரு வரிசை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததிலிருந்து வைத்துக்கொள்வோம்.

உட்காரும் முன்பே கிரெலின் ஏறியிருக்கும். இரைப்பையின் மேல்பகுதி அதைச் சுரக்கிறது. ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் 1999இல் கண்டுபிடித்தது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் ஏஜிஆர்பி என்கிற நியூரான் கூட்டத்தை அது தட்டி எழுப்பும், பசி. பக்கத்திலேயே பிஓஎம்சி என்று எதிர்க்கட்சி. அது எழுந்தால் பசி தணியும். லெப்டின் முதல் கூட்டத்தை அமுக்கி இரண்டாவதைத் தூக்கிவிடும். இந்த ரகளைக்கு நடுவே எம்சி4ஆர் என்று ஒரு ஏற்பி இருக்கிறது. அதில் பிறவிப் பழுது இருந்தால் பசி கட்டுக்குள் நிற்காது.

சாதம், சாம்பார் உள்ளே போகிறது. முதல் சேதி இரைப்பைச் சுவர் விரிவது. அது ஹார்மோன் இல்லை, வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்கு நேரே போகிற சேதி. தண்ணீரால் விரிந்தாலும் இந்தச் சேதி போகும், ஆனால் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும், சேதியும் கூடவே வடியும்.

அடுத்து சிசிகே என்கிற குடல் ஹார்மோன். பாதி செரித்த கூழ் முன்சிறுகுடலைத் தொட்டதும் சுமார் கால் மணிக்குள் ஏறும். பித்தப்பையைப் பிழியவைப்பதும் இதுவே. இரைப்பை வாசலை இறுக்கி, கூழைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்லும். சிசிகேயைக் கிளப்புவது கொழுப்பும் புரதமும். வெறும் சர்க்கரைத் தண்ணீருக்கு அது அவ்வளவாக அசையாது.

பிறகு ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்று இன்னும் இரண்டு குடல் ஹார்மோன். இவற்றைச் சுரக்கும் எல் செல்கள் சிறுகுடலின் பின்பகுதியிலும் பெருங்குடலிலும்தான் நெருக்கமாக உள்ளன. ஏற அரை மணி ஆகும், மணிக்கணக்கில் நிற்கும். மோர் சாதம் வரும்போது மந்தமாக இருப்பதில் இவற்றுக்கும் பங்கு உண்டு.

ஐந்தே நிமிடத்தில் தட்டைக் காலி செய்பவருக்கு இதில் விரிவுச் சேதி மட்டும்தான் நேரத்துக்கு வந்து சேரும், மற்றவை கை கழுவிய பிறகு. ஒரு சோதனையில் 300 மி.லி. ஐஸ்க்ரீமை ஒரு நாள் 5 நிமிடத்திலும் இன்னொரு நாள் 30 நிமிடத்திலும் சாப்பிட வைத்தார்கள். நிதானமாகச் சாப்பிட்ட நாளில் பிஒய்ஒய்யும் ஜிஎல்பி-1உம் கூடுதல். ஐஸ்க்ரீமை அரை மணி நேரம் உருகாமல் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று கேட்காதீர்கள்.

மாத்திரை_அட்டை | 16 செப்டம்பர், காலை 9.40

எல்லாம் சரி, ‘போதும் போதும்’னு இலையை மறிச்ச அதே ஆள் பாயசத்துக்கு மட்டும் கையை எடுக்கிறாரே?

குடல்வால் | 16 செப்டம்பர், காலை 9.58

அதில் ஹார்மோனுக்கு வேலை இல்லை. தின்ற ருசி மட்டும்தான் சலிக்கும், தின்னாத ருசி சலிக்காது. புளிப்பும் உப்பும் அலுத்த நாக்குக்கு இனிப்பு புதிது. பார்பரா ரோல்ஸ் 1981இலேயே இதை அளந்து காட்டினார். பாயசத்துக்குத் தனி இடம் வயிற்றில் இல்லை, மூளையில் உண்டு.

டெஸ்ட்டியூப் | 16 செப்டம்பர், இரவு 8.30

வயிறு கடமுடவென்று சத்தம் போடுவது கிரெலினா?

குடல்வால் | 16 செப்டம்பர், இரவு 9.02

இல்லை. வயிறும் சிறுகுடலும் காலியாக இருக்கும்போது சுமார் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை மிச்சம் மீதியைக் கீழே தள்ளும் துடைப்ப அலை அது. காற்றும் நீரும் குழாயில் ஓடுகிற சத்தம். வீட்டைப் பெருக்கும் சத்தத்துக்கும் விருந்தாளி வருவதற்கும் சம்பந்தம் இல்லை.

குடல்வால் | 17 செப்டம்பர், காலை 6.05

நேற்று எழுதிய கடைசி வரி தப்பு. உவமை ஆசையில் வந்தது.

அந்த அலையைக் கிளப்பும் ஹார்மோன் மோட்டிலின். அலையின் பலமான கட்டம் இரைப்பையில் தொடங்கும்போது, அந்த நேரம் பார்த்துப் பசியும் ஏறுவதை பெல்ஜியத்தில் அளந்திருக்கிறார்கள். எரித்ரோமைசின் என்கிற ஆன்டிபயாட்டிக் மோட்டிலின் வேலையைச் செய்யும். அதைச் சின்ன அளவில் நரம்பில் ஏற்றியபோது சுருக்கமும் வந்தது, பசியும் வந்தது. 1912இலேயே வாஷ்பர்ன் ஒரு பலூனை விழுங்கி, கேனன் ஊதிவைத்து, இரைப்பை இறுகும்போதெல்லாம் பசி குத்துகிறது என்று வரைந்து காட்டினார்கள். பிறகு, இரைப்பையை எடுத்துவிட்டவர்களுக்கும் பசிக்கிறதே என்று அதை ஓரமாக வைத்துவிட்டார்கள். ஒரேயடியாகத் தள்ளியிருக்க வேண்டியதில்லை. சத்தம் பசி இல்லை, ஆனால் சத்தத்துக்குக் காரணமான சுருக்கம் பசியின் ஒரு மணி.

ராத்திரி_தோசை | 18 செப்டம்பர், இரவு 10.40

பத்தரை மணி தோசைக்கு இன்னும் விடை வரவில்லை.

குடல்வால் | 19 செப்டம்பர், காலை 6.30

மூன்று காரணம் சேர்ந்து வருகிறது.

முதல் காரணம் பழக்கம். கிரெலின் கடிகாரம் பார்க்கும். 33 மணி நேரம் பட்டினி இருந்தவர்களிடமும் வழக்கமான சாப்பாட்டு நேரத்தில் கிரெலின் ஏறி, ஒன்றும் சாப்பிடாமலேயே தானாக இறங்கியது. நோன்பு மாதத்தின் முதல் சில நாளில் மதியம் ஒரு மணிக்குக் குத்தும் பசி பிறகு மட்டுப்படுவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். பத்தரைக்குத் தினம் தோசை போட்டால் பத்து மணிக்கே உடம்பு கல்லைக் காயவைக்கத் தொடங்கும். நேரத்தை மாற்ற ஒரு நாள் போதாது, சில நாள் விடாமல் அந்த அலையை விட்டுப் பார்க்க வேண்டும். அலை ஏறும், இறங்கும்.

இரண்டாவது உடல் கடிகாரம். மங்கிய வெளிச்சத்தில், வெளி நேரம் தெரியாத அறையில் ஆட்களை வைத்துப் பார்த்தபோது பசி காலை 8 மணி வாக்கில் அடிமட்டத்திலும் இரவு 8 மணி வாக்கில் உச்சத்திலும் இருந்தது. இதில் உங்கள் மனஉறுதிக்குப் பங்கில்லை.

மூன்றாவது தூக்கம். 2004இல் வந்த சிகாகோ ஆய்வு: இரண்டு இரவு 4 மணி நேரத் தூக்கம், லெப்டின் 18 சதவீதம் இறக்கம், கிரெலின் 28 சதவீதம் ஏற்றம், பசி 24 சதவீதம் கூடுதல்.

குடல்வால் | 19 செப்டம்பர், காலை 7.10

அந்த மூன்று எண்ணையும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், நானும் காட்டிவிட்டேன். அது 12 இளைஞர்கள், அதுவும் சாப்பாட்டுக்குப் பதில் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய சோதனை. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதே ஹார்மோன் மாற்றத்தைக் காட்டவில்லை. நிற்பது வேறொன்று: தூக்கம் குறைந்த நாளில் ஆட்கள் அதிகம் சாப்பிடுகிறார்கள். பல சோதனைகளைத் தொகுத்ததில் நாளுக்குச் சுமார் 385 கலோரி. அளவாக எண்ணெய் விட்ட மூன்று தோசைக்குக் கிட்டத்தட்டச் சரி.

இன்னொரு கொசுறு. எடை குறைக்கத் தேங்காய் எண்ணெயைக் குடிக்கும் கூட்டம் ஒன்று உண்டு. கிரெலினை எழுப்ப ஒட்டும் எட்டுக் கார்பன் அமிலம் தேங்காய் எண்ணெயிலும் சின்ன அளவில் இருக்கிறது. அதனால் பசி கூடும் என்று நான் சொல்லவில்லை. ‘கிரெலினை அடக்கும் எண்ணெய்’ என்று லேபிள் ஒட்டுகிறவர்களுக்கு இது தெரியுமா என்றுதான் கேட்கிறேன்.

மாத்திரை_அட்டை | 21 செப்டம்பர், மாலை 4.15

கவுன்டர்ல தினம் வர்ற ரெண்டு கேள்விக்கு இங்கேயே பதில் போட்டுடறேன்.

‘பசி எடுக்க சிரப்.’ அதுல இருக்கிறது பெரும்பாலும் சைப்ரோஹெப்டடின். அலர்ஜி மருந்து. செரட்டோனினைத் தடுக்கிறதால பசி கூடுது, ஹார்மோன் ஒண்ணும் ஊறல. குழந்தை தூங்கித் தூங்கி விழும், நிறுத்தினா பசி பழைய இடத்துக்கே போகும். சாப்பிட மாட்டேங்குற குழந்தைக்கு முதல்ல பார்க்க வேண்டியது இரும்புச்சத்து, பூச்சி, மலச்சிக்கல், அப்புறம் சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்னாடி கொடுக்கிற அரை டம்ளர் ஹார்லிக்ஸ்.

ரெண்டாவது, எடை குறைக்கிற ‘அந்த ஊசி’. மௌஞ்சாரோ இந்தியாவுக்கு 2025 மார்ச்ல வந்தது, வெகோவி ஜூன்ல. உடம்பில ஊறுற ஜிஎல்பி-1 சுமார் 2 நிமிஷத்துல பாதி காலி. வெகோவில இருக்கிற, ஜிஎல்பி-1 வேலையையே செய்யுற செமாக்ளூடைடு பாதியாக ஏறக்குறைய ஒரு வாரம். வித்தியாசமே அதுதான். அரிசோனா பக்கத்துக் கிலா பல்லியோட எச்சில்ல கிடைச்ச, சீக்கிரம் சிதையாத ஒரு மூலக்கூறுலதான் இந்த வகை மருந்து தொடங்குச்சு, முதல் ஊசி 2005ல.

வெகோவி அளவு 0.25 மி.கி. வாரம் ஒருமுறை, 4 வாரம். அப்புறம் 4 வாரத்துக்கு ஒரு படி: 0.5, 1, 1.7, 2.4. படி தாண்டி ஏத்தினா வாந்திதான். குமட்டல் வர்றவங்க பெரும்பாலும் பழைய அளவுச் சாப்பாட்டையே, அதுவும் எண்ணெய்ப் பதார்த்தமா, வம்படியா உள்ளே தள்ளுறவங்க. இரைப்பை மெதுவாத்தான் காலியாகுது, இடம் இல்ல. சர்க்கரைக்கு கிளிமெபிரைடு மாத்திரையோ இன்சுலினோ ஏற்கெனவே எடுத்தா சர்க்கரை தாழும், அந்த அளவைக் குறைக்க டாக்டர்கிட்ட முன்னாடியே பேசணும். குடும்பத்துல மெடுலரி தைராய்டு கேன்சர் இருந்தா இந்த ஊசி கிடையாது. நடு வயித்துல தாங்காத வலி முதுகுக்குப் பாஞ்சா கணையம், உடனே ஆஸ்பத்திரி.

செமாக்ளூடைடு மாத்திரை சர்க்கரைக்குத் தர்றது. இதுல நம்ம ஊர் தப்பு ஒண்ணே ஒண்ணு: ஃபில்டர் காபி. வெறும் வயித்துல, 120 மி.லி.க்கு மேல போகாம வெறும் தண்ணில முழுங்கி, 30 நிமிஷம் எதுவும் கூடாது. சரியா எடுத்தாலே ஒரு சதவீதத்துக்கும் குறைவாத்தான் உள்ளே ஏறுது. காபியோட போனா அதுவும் போச்சு.

ஊசிப் பேனாவை ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஃப்ரீஸர் ஒட்டி வைக்காதீங்க. தொடங்கின பேனா 30 டிகிரிக்குக் கீழே 56 நாள் தாங்கும்.

டெஸ்ட்டியூப் | 21 செப்டம்பர், இரவு 7.50

நிறுத்தினால்?

குடல்வால் | 22 செப்டம்பர், காலை 6.10

நிறுத்தினால் இந்த இழையின் முதல் பதிலுக்கே வந்து நிற்போம்.

செமாக்ளூடைடு 2.4 மி.கி. சோதனையில் 68 வாரத்தில் சராசரி 14.9 சதவீத எடை இறக்கம், வெற்று ஊசிக்கு 2.4. நிறுத்தி ஓராண்டில் இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. சோம்பலால் அல்ல, முள் இறங்கியதால். ஊசி இல்லாமல் உணவைக் குறைத்தவர்களை மெல்பர்னில் அளந்தார்கள். 10 வாரத்தில் சராசரி 13.5 கிலோ குறைந்தது, லெப்டின் சுமார் 65 சதவீதம் விழுந்தது. கொழுப்பு குறைந்ததைவிட லெப்டின் வெகு வேகமாகக் குறைந்தது என்பதைக் கவனியுங்கள். 62ஆவது வாரத்திலும் லெப்டின் பழைய இடத்துக்கு வரவில்லை, கிரெலினும் பசியும் உயர்ந்தே நின்றன. நியூயார்க்கில், 10 சதவீத எடையை இறக்கியவர்களுக்கு லெப்டினைப் பழைய மட்டத்துக்கு ஊசியால் ஏற்றிப் பார்த்தபோது எடை இறங்கியதும் கலோரியை மிச்சம் பிடிக்கும் உடலின் சிக்கனப் புத்தி தளர்ந்தது. நிரம்பிய டேங்க்கில் வேலை செய்யாத அதே ஊசி, இறங்கிய முள்ளில் வேலை செய்தது.

குடல்வால் | 22 செப்டம்பர், காலை 6.40

‘கிரெலின் அதிகம் உள்ளவர்தான் குண்டாகிறார்’ என்று யாரோ தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார். நேர்மாறு. பருமனானவரிடம் கிரெலின் சராசரியைவிடக் குறைவு, எடை குறைத்தால் ஏறுகிறது. விதிவிலக்கு, அடங்காத பசியோடு வரும் பிராடர்-வில்லி என்கிற பிறவி நோய். கிரெலினே இல்லாமல் வளர்த்த சுண்டெலி கிட்டத்தட்டச் சாதாரணமாகவே தின்றது. பசிக்கு ஒரே ஸ்விட்ச் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஏஜிஆர்பி நியூரான்கள், சுண்டெலி உணவைப் பார்த்த சில நொடியிலேயே, ஒரு வாய் தின்னும் முன்பே அடங்குவதை 2015இல் பதிவு செய்தார்கள். அப்படியென்றால் நான் பந்தி வரிசையில் எழுதியது கொஞ்சம் பாடப்புத்தகத்தனம். மூளை ஹார்மோனுக்காகக் காத்திருப்பதில்லை, முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறது, ஹார்மோன் பின்னால் வந்து அந்தக் கணக்கைச் சரிபார்க்கிறது.

ராத்திரி_தோசை | 24 செப்டம்பர், இரவு 9.15

ஊசி வேண்டாம். வீட்டிலேயே என்ன மாற்றலாம்?

குடல்வால் | 25 செப்டம்பர், காலை 6.25

இரவுச் சாப்பாட்டில் புரதத்தை எண்ணுங்கள். மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி என்றால் 7 கிராம் தேறினால் அதிகம். இரண்டு முட்டை சேர்த்தால் மேற்கொண்டு 12 கிராம். முட்டை வேண்டாமென்றால் வெந்த கொண்டைக்கடலை 150 கிராம், 12 கிராம் மேலேயே வரும், நாரும் உண்டு. குறி 25 கிராம். சுண்டலை, கூட்டை முதலில் சாப்பிட்டுவிட்டு இட்லிக்கு வாருங்கள். மாவுச்சத்தைக் கடைசியில் வைத்தால் சர்க்கரை ஏற்றம் தணிகிறது என்பது சர்க்கரை நோயாளிகளிடம் அளந்த விஷயம். 20 நிமிடத்துக்கு முன் எழுந்திருக்காதீர்கள். ஜூஸாகக் குடித்த கலோரியை இந்த வரிசை சரியாகப் பிடிப்பதில்லை, பழமாகக் கடியுங்கள்.

மருந்துச் சீட்டையும் ஒருமுறை பாருங்கள். ஸ்டீராய்டு, ஓலன்சபின், மிர்டசபின், இன்சுலின், கிளிமெபிரைடு எல்லாம் பசியைக் கூட்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதியவரிடம் கேளுங்கள். பசி கூடியும் எடை இறங்கினால் அது வேறு கதை, சர்க்கரையும் தைராய்டும் அந்த வாரமே பார்க்க வேண்டும்.

மாத்திரை_அட்டை | 2 அக்டோபர், மதியம் 12.20

மேல 56 நாள்னு போட்டேன்ல, அது சர்க்கரைக்கான செமாக்ளூடைடு ஊசி ஓசெம்பிக்கோட அமெரிக்க லேபிள். ஐரோப்பிய லேபிள்ல 6 வாரம்தான். மருந்துக்கு மருந்து, பேனாவுக்குப் பேனா மாறும், உங்க டப்பாவுக்குள்ள இருக்கிற தாளைப் பாருங்க. தொடங்கின தேதியைப் பேனா மேலயே எழுதி ஒட்டுங்க. ஊசி முனையை ஒவ்வொரு தடவையும் கழட்டி எறிஞ்சுடணும், மாட்டியே வெச்சா மருந்து ஒழுகும், காத்து ஏறும். கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் வெதுவெதுப்பானாலும் 30 டிகிரியைத் தாண்டலைன்னா பயப்படாதீங்க, நாள் கணக்கை மட்டும் அங்கிருந்து எண்ணுங்க. ஒரு தடவை உறைஞ்சிட்டா, திரும்ப உருகினாலும் குப்பைதான்.